தேய்ந்தது தோலா, பூச்சா?

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லையோர ஊர்களில் கேஎல்-19, கேஎல்-20 எண்ணுள்ள வண்டிகளோடு களியக்காவிளை தாண்டி வரும் டிஎன்-75 வண்டிகளும் ஒரே சாலையில் கலந்து ஓடுகின்றன. பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய கார்கள் இந்தப் பக்கத்திலும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. வாங்குகிறவர் எஞ்சினைப் பார்க்க மெக்கானிக்கை அழைத்து வருகிறார். பெயின்ட்டில் குறை இருந்தால் அதற்கென்று பட்டறை இருக்கிறது. தோல் சீட் வெளுத்து, வெடித்து, ஓரம் உரிந்து கிடந்தால் மட்டும் யாரிடமும் கேட்பதில்லை. வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெயைத் தடவிப் பார்க்கிறார்கள். அடுத்து ஷூ பாலிஷ். இரண்டும் பலிக்கவில்லையென்றால் கண்ணில் படாதபடி மேலே ஒரு சீட் கவர். தோல் காய்ந்துவிட்டது, எண்ணெய்ப்பசை ஏறினால் பழையபடி ஆகிவிடும் என்ற நம்பிக்கைதான் இந்த வைத்தியத்துக்கெல்லாம் அடிப்படை. அந்த நம்பிக்கை பிழையானது. கார் சீட்டில் முதலில் தேய்வது தோலின் மேல் தொழிற்சாலையில் ஏற்றிய வர்ணப் பூச்சு. இதை ஏற்றுக்கொண்டால், என்ன செய்ய வேண்டும், எதை வீட்டிலேயே செய்யலாம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டுக் கடைக்குப் போக வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெளிவாகிவிடும்.

தோல் உருவாகும் விதத்திலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகத் தோலைப் பதனிட்டது ஆவாரம் பட்டையாலும் கடுக்காயாலும். அவற்றின் துவர்ப்புச் சத்து தோலின் நார்களோடு பிணைந்து அவற்றை அழுகாமல் காத்தது. குரோமிய உப்பால் பதனிடும் முறை மேலைநாடுகளில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உருவானது. சென்னை மாகாணத்தில் அதற்கான சோதனைகளை 1903-இல் தொடங்கியவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். சென்னையின் குரோம்பேட்டைக்குப் பெயர் தந்ததே அங்கே இருந்த குரோம் தோல் தொழிற்சாலைதான். 1948-இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தபோது தோல் பதனிடும் தொழில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, திண்டுக்கல் என்று பரவியிருந்தது. ஈரமாக இருக்கும்போது பட்டைத் தோல் ஏறத்தாழ 80 டிகிரி வெப்பத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும். நன்றாகக் குரோம் ஏறிய தோல் கொதிநீரையும் தாங்கும். வெயிலில் நிற்கும் காருக்குக் குரோம் தோல் ஏற்றதாக அமைந்ததற்கு இது ஒரு காரணம். இப்போது குரோம் சேர்க்காத முறைகளும் கார் தோலுக்கு வந்திருக்கின்றன. எந்த முறையானாலும், தோலுக்கு வேண்டிய கொழுப்பு பதனிடும் இடத்திலேயே பெரிய பீப்பாயில் சுழற்றி நார்களுக்கிடையே ஏற்றப்பட்டுவிடுகிறது. அதன்பிறகுதான் பூச்சு வேலை: அடியில் ஒரு பிடிப்புப் பூச்சு, அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே தெளிவான பாலியூரித்தேன் காப்புப் பூச்சு. தோல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கனமிருக்கும். பூச்சுகள் எல்லாம் சேர்ந்தும் பெரும்பாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தொடாது. நாம் தொடுவதும் உட்காருவதும் துடைப்பதும் அந்த மெல்லிய படலத்தைத்தான். பெயின்ட் அடித்த கதவில் எண்ணெய் தேய்த்தால் அது மரத்துக்குள் இறங்காது என்பது எல்லோருக்கும் தெரியும். சீட்டிலும் நடப்பது அதுவே.

இதற்குச் சான்று தேடி ஆய்வகத்துக்குப் போக வேண்டியதில்லை. தேய்ந்த சீட்டே சாட்சி சொல்லும். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் ஏறி இறங்குகிறார். ஓட்டுநர் சீட்டின் வலது ஓரத்திலுள்ள பக்கத் திண்டுதான் எந்தக் காரிலும் முதலில் நிறம் போய், வெடித்து, நார் எழும்பி நிற்கும். அதே சீட்டின் இடது திண்டு ஏறக்குறைய புதிதாக இருக்கும். இரண்டும் ஒரே மாட்டின் தோலாகக்கூட இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே வயது, ஒரே வெப்பம், ஒரே ஏசி. காய்ந்துபோவதுதான் காரணமென்றால் இரண்டும் சேர்ந்தே காய்ந்திருக்க வேண்டும். வலது திண்டில் கூடுதலாக நடந்தது உரசல் மட்டுமே. அடுத்து ஹெட்ரெஸ்டைப் பாருங்கள். அங்கே உரசல் குறைவு. ஆனால் தினமும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் பழக்கமுள்ள இந்தப் பகுதியில் அந்த இடம் நாள்தோறும் எண்ணெய் குடிக்கிறது. எண்ணெய்தான் தோலுக்கு உணவென்றால் காரிலேயே செழிப்பான தோல் அங்கே இருக்க வேண்டும். இருப்பதோ கறுத்து, பிசுபிசுத்து, பூச்சு இளகி உரியும் இடம். எண்ணெயும் வியர்வையும் காப்புப் பூச்சுக்குள் மெல்ல மெல்ல ஊறி அதை உப்பவைத்துப் பிடிப்பை விடுவிக்கின்றன. மூன்றாவது சாட்சி பின் கண்ணாடிக்குக் கீழே வரும் பின்சீட்டின் மேல்விளிம்பு. யாரும் தொடாத அந்த இடம் வெயிலால் மட்டுமே வெளுத்து இறுகுகிறது. தோல் உண்மையிலேயே காயும் இடம் காரில் உண்டென்றால் இதுதான். இங்கேயும் புற ஊதாக் கதிர் அறுத்துவிட்ட பூச்சையும் நாரையும் எண்ணெய் திரும்ப இணைக்காது.

தாத்தா காலத்துச் செருப்பும் வண்டி மாட்டின் வார்ப்பட்டையும் எண்ணெய் போட்டுத்தானே பல வருடம் உழைத்தன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவை பட்டையால் பதனிட்ட, மேலே பூச்சில்லாத தோல்கள். மழையில் நனைந்து காயும்போதெல்லாம் உள்ளே இருந்த கொழுப்பை இழந்தன. எண்ணெய் நேராக நாருக்குள் இறங்கி அந்த இழப்பை ஈடுகட்டியது. அந்த அனுபவம் உண்மையானது, அந்தப் பொருளுக்கு உரியது. பூச்சிட்ட கார் தோலில் எண்ணெய் மேலேயே தங்கித் தூசியைப் பிடிக்கிறது. வெடிப்பின் வழியே இறங்கினால் அந்த இடத்தை மட்டும் திட்டுத்திட்டாகக் கறுக்கவைக்கிறது. மழைக்காலத்தில் பூஞ்சைக்குத் தீனியாகவும் ஆகிறது. ஷூ பாலிஷ் இன்னும் மோசம். அதிலிருக்கும் மெழுகும் சாயமும் உடல் சூட்டில் இளகித் துணியில் ஏறும். நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே இருக்கும் பாலராமபுரத்தில் நெய்த வெள்ளை முண்டு உடுத்திக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ புறப்படுகிறவருக்கு இந்தச் சேதம் அற்பமல்ல. கடைகளில் கண்டிஷனர் என்று விற்கும் பால் போன்ற, நீர் கலந்த வகைகள் கெடுதல் செய்யாது. மேற்பரப்பை வழவழப்பாக்கி உரசலைக் கொஞ்சம் குறைக்கும். போன நிறத்தையும் வெடிப்பையும் அவை மீட்காது. பளபளக்கவைக்கும் சிலிக்கோன் ஸ்பிரேக்களை மட்டும் அறவே தவிர்க்க வேண்டும். சிலிக்கோன் படிந்த இடத்தில் பிறகு எந்த வர்ணமும் ஒட்டாமல் வட்டம் வட்டமாக விலகி நிற்கும்.

வேலையைத் தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது, சீட்டில் இருப்பது தோல்தானா என்பது. இந்தியாவில் விற்கும் கார்களில் பெரும்பகுதி தோல் போன்ற செயற்கைப் பொருளோடுதான் வருகிறது. விளம்பரப் புத்தகத்தில் லெதரெட் என்று எழுதியிருந்தால் அது தோல் அல்ல. அசல் தோல் போட்ட கார்களிலும் உடல் படும் முன்பகுதி மட்டும் தோலாகவும், பக்கமும் பின்புறமும் ரெக்சினாகவும் இருப்பது வழக்கம். தண்ணீர்த் துளி விட்டுப் பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். பூச்சிட்ட அசல் தோலும் துளியை உறிஞ்சாது. சீட்டின் அடியில் தைத்து மடித்த ஓரத்தையோ ஜிப்பின் உட்புறத்தையோ புரட்டிப் பாருங்கள். பின்பக்கம் நெய்த துணியோ பின்னல் துணியோ தெரிந்தால் ரெக்சின். மெல்லிய பஞ்சுபோல நார் நாராக இருந்தால் தோல். இந்த ஊர்களுக்கு இந்த வேறுபாடு மற்ற இடங்களைவிட முக்கியம். பாலியூரித்தேன் பூசிய ரெக்சின் பல, ஈரமும் வெப்பமும் சேர்ந்த காற்றில் உபயோகிக்காமலே சிதையும். நீராவி அதன் பிணைப்புகளை மெல்ல உடைத்துவிடுகிறது. பூவாறு, பொழியூர்க் கடற்கரையிலிருந்து உள்நாட்டு மேட்டுப்பகுதி வரை இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் என்று வருடத்தில் இரண்டு முறை நனையும் நிலம் இது. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும் நாட்கள் ஏராளம். செதில் செதிலாக உதிரத் தொடங்கிய ரெக்சினுக்கு மேல் எதைப் பூசினாலும், அடியிலிருப்பது உதிரும்போது பூசியதும் சேர்ந்து உதிரும். அதற்குச் செலவழிக்காமல் மாற்றிவிடுவதே சரி. இந்தக் கட்டுரை இனிச் சொல்வதெல்லாம் அசல் தோலுக்கு.

தேய்ந்த சீட் என்று கொண்டுவரப்படுவதில் கணிசமான பங்கு வெறும் அழுக்கு. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வர்ணம் வாங்க ஓடுகிறவர்கள் பலர் இந்தக் கட்டத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். வெளிர் நிறச் சீட்டில் சாம்பல் படிந்ததுபோல் தெரிவதும், கறுப்புச் சீட்டில் எண்ணெய்ப் பளபளப்பாகத் தெரிவதும் பூச்சின் நுண்ணிய வரிகளுக்குள் இறுகிப்போன வியர்வையும் தூசியும்தான். எல்லை தாண்டும் இந்தச் சாலைகளில் எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிய லாரிகள் கிளப்பும் பாறைத்தூசு பூச்சைவிடப் பலமடங்கு கடினமானது. அது சீட்டில் இருக்கும்போது ஒவ்வொரு முறை உட்காருவதும் உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். ஆகவே முதலில் வேக்குவம் கிளீனரால் தையலிடுக்கு வரை தூசை உறிஞ்ச வேண்டும். பிறகு தோலுக்கென்று விற்கும் மிதமான கிளீனரை மிருதுவான பிரஷில் நுரையாக எடுத்து, ஓரடிக்கு ஓரடியாகச் சுற்றித் தேய்த்து, அழுக்கு மிதக்கும்போதே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை திரும்பச் செய்ய வேண்டும். துணி மேல் சீட்டின் நிறமே ஏறத் தொடங்கினால் பூச்சு கரைகிறது என்று பொருள், அங்கே நிறுத்துங்கள். துணி துவைக்கும் சோப்பும் சோடாவும் வேண்டாம். தோல் இயல்பாகவே புளிப்புத்தன்மை உள்ளது, அதன் பிஎச் 4-ஐ ஒட்டியது. காரமான சோப்பு பூச்சு போன இடத்தில் நேராக நாரைத் தாக்கி அதை விறைக்கவைக்கும். தண்ணீரைக் கொட்டுவதும் கூடாது. சிறு துளைகளுள்ள சீட்டில் அது ஸ்பாஞ்சுக்குள் இறங்கினால் நம் ஊர் ஈரத்தில் வாரக்கணக்கில் காயாது.

பூஞ்சைக்கு ஒரு தனி வார்த்தை. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி, காற்றோட்டமும் இல்லாமல் இருந்தால் அது தோலின் மேல் வெண்பொடியாகப் பூக்கும். மழைக்காலத்தில் சில வாரம் பூட்டிக் கிடந்த வண்டியைத் திறந்தவர்களுக்கு அந்த வாடை தெரியும். மூடிய காருக்குள் வைத்து அதைத் துடைக்கக் கூடாது. வித்துகள் கிளம்பி ஏசிக்குள்ளும் மூச்சுக்குள்ளும் போகும். கதவுகளைத் திறந்து, முகக்கவசம் போட்டு, உலர்ந்த துணியால் மெதுவாக எடுத்து, துணியை உடனே அப்புறப்படுத்திவிட்டு, மேலே சொன்னபடி சுத்தம் செய்ய வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து, பிழிந்த துணியால் கடைசியாக ஒருமுறை துடைக்கலாம். அது பூச்சை இளக்குகிறதா என்று சீட்டின் மறைவான மூலையில் முதலில் பார்ப்பது அவசியம். இவ்வளவு செய்தும் மறுபடி பூத்தால் குற்றம் சீட்டில் இல்லை. மிதியடிக்குக் கீழே நனைந்த கார்பெட்டையும், அடைபட்ட ஏசித் தண்ணீர்க் குழாயையும் பாருங்கள்.

சுத்தம் செய்த பிறகும் நிறமற்று நிற்பவைதான் உண்மையான தேய்மானம். அங்கே தொழிற்சாலை செய்ததை மீண்டும் செய்கிறோம், சிறிய அளவில். புதிய பூச்சு ஒட்டுவதற்கு அந்த இடத்தில் எண்ணெய்ச் சுவடு இருக்கக் கூடாது. ஆல்கஹால் துணியால் துடைத்துவிட்டு, 600 முதல் 1000 வரையிலான மெல்லிய உப்புத்தாளால் விளிம்பு கையில் தட்டாதபடி லேசாகத் தேய்க்க வேண்டும். எழும்பிய நார்களும் இதில் படியும். மயிரிழை போன்ற சிறு வெடிப்புகளுக்குத் தோலுக்கான வளையும் ஃபில்லரைப் பிளாஸ்டிக் அட்டையால் வழித்துப் பூசலாம். ஒரே தடவையில் கனமாக நிரப்பினால் உட்காரும்போது மறுபடி வெடிக்கும். மெல்லிய பூச்சாகப் பூசிக் காயவிட்டுத் தேய்த்து, மறுபடி பூசுவதே நிற்கும். சிறு கிழிசலுக்கு அடியில் ஒரு துண்டுப் பருத்தித் துணியைச் செருகி, வளையும் பசையால் இருபுறத் தோலையும் அதன்மேல் படியவைக்க வேண்டும். நொடியில் ஒட்டும் பசையை இங்கே தொடவே வேண்டாம். அது கண்ணாடிபோல் இறுகி, தன் விளிம்பிலேயே தோலை அறுத்துவிடும். இன்னொரு எச்சரிக்கை உயிர் சம்பந்தப்பட்டது. முதுகுச் சாய்வின் வெளிப்பக்கத்தில் எஸ்ஆர்எஸ் ஏர்பேக் என்று சிறு துணிச் சீட்டு தைத்திருந்தால், விபத்து நேரத்தில் பை வெளியே வருவதற்காக அங்கே தையல் பிரியும்படி வைத்திருக்கிறார்கள். அந்தத் தையலில் பசை, ஃபில்லர், சாதாரண நூல் எதுவும் போகக் கூடாது. சீட்டைக் கழற்றுவதும் அதன் அடியிலுள்ள ஒயர்களை இழுப்பதும் வீட்டு வேலை அல்ல.

நிறத்துக்கு நீரில் கரையும் அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் அடிப்படையிலான தோல் வர்ணம் வேண்டும். துணிச்சாயமும் ஸ்பிரே பெயின்ட்டும் ஆகாது. நிறம் பொருத்துவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தபின் மாறும். டியூப்லைட்டில் பொருந்துவது பகலில் பொருந்தாது. சிறு திட்டு பூசி, முழுக்கக் காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஹெட்ரெஸ்டுக்கு அடியில் வெயில் படாத இடத்தின் அசல் நிறத்துக்குப் பொருத்தினால் முழுச் சீட்டையும் பூச வேண்டிவரும். ஓரம் மட்டும் செய்வதென்றால் இப்போதைய வெளுத்த நிறத்துக்கே பொருத்துங்கள். ஸ்பாஞ்ச் துண்டில் கொஞ்சமாக எடுத்து, துடைப்பதுபோல் மெல்லியதாக மூன்று முதல் ஐந்து தடவை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. தோலின் வரிகள் மறையும்படி அடர்த்தியாகப் பூசியது எந்தத் தூரத்திலிருந்தும் பொய்யாகத் தெரியும். கடைசியாகப் பளபளப்பில்லாத காப்புப் பூச்சு இரண்டு தடவை. நிறத்தைக் காப்பது அதுதான், அதை விட்டுவிட்டுத்தான் பலரும் இரண்டே மாதத்தில் நிறம் போய்விட்டது என்கிறார்கள். பூச்சை உறுதிப்படுத்தக் கலக்கும் கிராஸ்லிங்கர் திரவம் நம் சருமத்துக்கும் நுரையீரலுக்கும் கேடு. கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் அதைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க யாரும் உட்காராமலும், ஒரு வாரம் ஈரத்துணி படாமலும் இருக்க வேண்டும். நீர் கலந்த பூச்சு காய்வதற்குக் காற்று வறண்டிருக்க வேண்டும் என்பதால் இந்தப் பகுதியில் இந்த வேலைக்குச் சரியான காலம் ஜனவரியும் பிப்ரவரியும். ஜூனில் பூசியது மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் அடியில் இளகியே கிடக்கும்.

இவ்வளவு பாடுபட்டு அடிப்பதும் வெறும் பெயின்ட்தானே, எத்தனை நாள் நிற்கும் என்று கேட்பவர்களுக்கு: தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்ததும் அதே வகைப் பூச்சுதான். சுத்தத்திலும் காயவைப்பதிலும் அவசரப்படாவிட்டால் இதுவும் வருடக்கணக்கில் நிற்கும். உரசல் மிகுந்த வலது திண்டில் மட்டும் அவ்வப்போது ஒரு கை பூசிக்கொள்ள வேண்டிவரும். சீட் கவர் போட்டால் ஒரே மணி நேரத்தில் முடிந்துவிடுமே என்ற வாதத்துக்கும் பதில் உண்டு. நாளெல்லாம் ஆள் ஏறி இறங்கும் டாக்சிக்குக் கவர் பொருத்தமே. சொந்த வண்டியில், அசல் தோலுக்கு மேல் காற்றுப் போகாத ரெக்சின் கவரைப் போடுவது மழைக்கால ஈரத்தை இரண்டுக்கும் நடுவே பூட்டிவைப்பதாகும். கவருக்கு அடியில் புகுந்த மணல் தோலை அரைத்துக்கொண்டே இருக்கும். பக்க ஏர்பேக்கின் வழியை மூடும் கவரோ ஆபத்தானது.

கடைக்குப் போக வேண்டிய நேரமும் உண்டு. ஸ்பாஞ்ச் உட்கார்ந்து கம்பி குத்தினால், பாரம் தாங்கும் தையல் நீளமாக விட்டால், தோலையே கையால் கிழிக்க முடிகிற அளவுக்கு நார் செத்திருந்தால், அது அனுபவமுள்ள குஷன் வேலைக்காரரின் வேலை. அப்போதும் சீட் முழுவதையும் உரித்து ரெக்சின் போடச் சம்மதிக்காமல், கெட்ட ஒரு பாகத்தை மட்டும் தோலால் மாற்றித் தரச் சொல்லலாம்; மற்றதோடு நிறம் சேர்ப்பதை வீட்டில் செய்துகொள்ளலாம். நல்ல நிலையிலுள்ள தோலைக் குப்பையில் போடுவதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காசு மட்டும் காரணமல்ல. ஒரு காரின் சீட்டுகளுக்குப் பல மாடுகளின் தோல் வேண்டும். ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. அந்தத் தண்ணீர் எங்கே போனது என்பதற்குப் பாலாறு சாட்சி. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையைத் தோல் பதனிடும் ஆலைகளுக்கு எதிராக நிலைநாட்டியது. அத்தனை தண்ணீரையும் நிலத்தையும் விலையாகக் கொடுத்து உருவான பொருளை, மேலே மெல்லிய படலம் தேய்ந்துவிட்டது என்பதற்காகத் தூக்கி எறிவது நியாயமாகப் படவில்லை.

மறுபடி தேயாமல் பார்த்துக்கொள்வது பழுதுபார்ப்பதைவிடச் சுலபம். வாரம் ஒருமுறை தூசை உறிஞ்சி, பிழிந்த ஈரத்துணியால் ஹெட்ரெஸ்டையும் கைப்பிடியையும் துடைத்தால் எண்ணெய் ஊற நேரமிருக்காது. நிழலின் பயனை எண்களாலேயே சொல்லலாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வுக்காகக் கோடை வெயிலில் கார்களை நிறுத்தி அளந்தபோது, ஒரு மணி நேரத்தில் வெயிலில் நின்றவற்றின் சீட் சராசரியாக 51 டிகிரிக்கும், நிழலில் நின்றவற்றின் சீட் 41 டிகிரிக்கும் போயிருந்தது. தேங்காய் விழும் என்று பயந்து வண்டியை வெட்டவெளியில் விடுகிறவர்கள் பின் கண்ணாடிக்கு ஒரு வெயில்மறைப்பாவது போட வேண்டும். ஏறி இறங்கும்போது பக்கத் திண்டில் உட்கார்ந்து வழுக்காமல், கதவோரத்தைப் பிடித்து உடலைத் தூக்கி உள்ளே வைக்கும் பழக்கம் எந்தக் கண்டிஷனரைவிடவும் அந்த இடத்தைக் காக்கும். இன்றே உங்கள் ஓட்டுநர் சீட்டின் வலது ஓரத்தைப் பாருங்கள். நிறம் மங்கியதோடு நின்றிருந்தால் சுத்தமும் ஒரு காப்புப் பூச்சும் போதும், ஒரு விடுமுறை நாளில் முடியும். நார் தெரியத் தொடங்கியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். வருகிற ஜனவரியில் மூன்று நாள் ஒதுக்குங்கள்.